கெங்கவல்லி: “இடிக்கணுங்களா, பிரிக்கணுங்களா?”

ஆத்தூரிலிருந்து தெற்கே பஸ் ஏறினால் கெங்கவல்லி. ஒரு பக்கம் பச்சைமலை, இன்னொரு பக்கம் தூரத்தில் கொல்லிமலை, நடுவில் மழை பெய்தால் மட்டும் ஆறாகிற சுவேத நதி. கடைவீதியைத் தாண்டினால் மரவள்ளியும் பாக்குத் தோப்பும்தான். காட்டிலேயே வீடு கட்டிக் குடியிருக்கும் இடத்தை இந்தப் பக்கம் ‘காட்டுக்கொட்டாய்’ என்பார்கள்.

அங்கெல்லாம் வீட்டுக்குப் பக்கத்தில் ஓட்டுக்கூரை போட்ட பழைய கொட்டகை ஒன்று சும்மா நிற்பதைப் பார்க்கலாம். ஒரு பாதியில் மாடு, மறுபாதியில் ஏர், கலப்பை, சோளம், கம்பு என்றிருந்த இடம். இப்போது உழவுக்கு டிராக்டர். மரவள்ளிக் கிழங்கைப் பிடுங்கினால் ஓரிரு நாளில் கெட்டுவிடும் என்பதால், காட்டிலிருந்தே லாரி ஏறி நேராக ஜவ்வரிசி ஆலைக்குப் போய்விடுகிறது. பிறகு கொட்டகை எதற்கு?

என் பெரியப்பா காட்டிலும் அப்படி ஒன்று. ஒரு சுவர் சாய்ந்துவிட்டதால் எடுத்துவிட முடிவானது. முதலில் வந்தவர் ஜே.சி.பி. வைத்திருப்பவர். “காலையில வண்டி வந்தா மத்தியானம் தரைமட்டம்” என்றார். மணிக்கணக்கில் வாடகை.

அடுத்து வந்த மேஸ்திரி சுவரைப் பார்க்கவே இல்லை. அண்ணாந்து கூரையைப் பார்த்தார். கத்தியால் ஓர் உத்திரத்தைச் சுரண்டினார். “வேங்கைங்க. இடிக்கணுங்களா, பிரிக்கணுங்களா?”

அந்த ஒரு கேள்வியில்தான் மொத்தப் பேரமும் இருக்கிறது. மண்ணிலோ சுண்ணாம்பிலோ கட்டிய செங்கல்லைத் தட்டினால் முழுசாக வரும். சிமென்ட்டில் கட்டியது உடைந்துதான் வரும். மங்களூர் ஓடு, உத்திரம், கைமரம், நிலைக்கதவு என்று எல்லாவற்றுக்கும் பழைய சாமான் சந்தையில் விலை உண்டு. காரைக்குடியில் இதற்கென்றே கடைகள் இருக்கின்றன. ஆகவே நாம் கூலி கொடுத்துப் பொருளை வைத்துக்கொள்ளலாம்; அல்லது பொருளை விட்டுக்கொடுத்துக் கூலியில்லாமல் முடிக்கலாம். மரம் நல்லதாக இருந்தால் ஒப்பந்தக்காரரே பணம் தருவார். ‘இடிச்சுக் கொடுங்க’ என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனால், திரும்பி வரும்போது உத்திரம் இருக்காது. மண், கல் எல்லாம் எங்கே போகும், பள்ளத்தை யார் மூடுவது என்பதையும் ஒரு தாளில் எழுதிக்கொள்வது நல்லது.

கட்டிய வரிசையைத் தலைகீழாக்குவதுதான் பிரிக்கும் முறை. முதலில் ஓடு, பிறகு ரீப்பர், கைமரம், உத்திரம், கடைசியில்தான் சுவர். அதற்கும் முன்னால் கரன்ட் இணைப்பைத் துண்டிக்க வேண்டும். ஆஸ்பெஸ்டாஸ் தகடு இருந்தால் உடைக்காமல், நனைத்து இறக்க வேண்டும். அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது. ஈரச் சுவர் பக்கம் ஆளை விடவே கூடாது. மேட்டுப்பாளையம் நடூரில் 2019 டிசம்பர் 2 அதிகாலை, மழையில் ஒரு சுவர் விழுந்து 17 பேர் இறந்தார்கள். கூலி குறைகிறதே என்று ஐப்பசியில் வேலையை வைத்துக்கொள்பவர்களை என்ன சொல்ல?

பெரியப்பா பிரிக்கவே சொன்னார். மரம் எங்களுக்கு, ஓடும் செங்கல்லும் மேஸ்திரிக்கு, அதுபோக ஆறு ஆளுக்கு நாலு நாள் கூலி. மழைக்கு முன்னால் முடிக்க வேண்டும்.

“அந்தக் கல்தொட்டி?” என்றார் மேஸ்திரி. மாடு தண்ணீர் குடித்த தொட்டி. பண்ணை வீடுகளில் அழகுக்கு வைக்க, நல்ல விலைக்கு வாங்குகிறார்களாம்.

பெரியப்பா வாயைத் திறப்பதற்குள் அடுப்படியிலிருந்து பெரியம்மா குரல்: “அது எங்கயும் போகாது.”