ஏ ரயில் போகும் வழி

நியூயார்க்கின் 59வது தெரு நிலையத்தில், வடக்கே போகும் ‘ஏ’ எக்ஸ்பிரஸ் ரயிலில் ஏறினால் அடுத்த நிறுத்தம் 125வது தெருதான். நடுவில் 66 தெருக்கள் தலைக்கு மேலே ஓடி மறைகின்றன. கதவு திறக்கும்போது ஹார்லம். அதற்கடுத்த 145வது தெருவில் இறங்கிப் படியேறி வெளியே வந்தால் சுகர் ஹில். கையில் நாலு காசு சேர்ந்த கறுப்பின மக்கள் ஒரு காலத்தில் குடியேற ஆசைப்பட்ட மேட்டுப் பகுதி. ஜாஸ் மேதை டியூக் எலிங்டன் 1939 முதல் 1961 வரை வாழ்ந்த கட்டடம் சற்று வடக்கே, செயிண்ட் நிக்கலஸ் அவென்யூவில் இருக்கிறது. 1976லேயே அது தேசிய வரலாற்றுச் சின்னமாகிவிட்டது.

இந்த ரயிலுக்கென்றே ஒரு பாட்டு உண்டு: ‘டேக் தி ஏ ட்ரெய்ன்’. எலிங்டன் குழுவின் முத்திரைப் பாட்டு. அதனால் கேட்டவர்களில் பலர் அது எலிங்டனின் மெட்டு என்றே நினைத்தார்கள். ஆனால் அதை எழுதியவர் பில்லி ஸ்ட்ரேஹார்ன்.

1938 டிசம்பரில் பிட்ஸ்பர்க் நகரில் எலிங்டனைச் சந்தித்தபோது ஸ்ட்ரேஹார்னுக்கு 23 வயது. மருந்துக் கடையில் வேலை பார்த்து வந்தவர். பியானோ வாசித்துக் காட்டினார், எலிங்டன் அசந்துபோனார். நியூயார்க்கில் தன் வீட்டுக்கு வர எலிங்டன் சொன்ன வழியையே இளைஞர் பாட்டாக்கிவிட்டார் என்பது ஜாஸ் உலகம் திரும்பத் திரும்பச் சொல்லும் கதை. 1941ல் அமெரிக்க வானொலி நிலையங்களுக்கும் பாடல் உரிமைச் சங்கத்துக்கும் தகராறு. சங்க உறுப்பினரான எலிங்டனின் பாட்டுகளை ஒலிபரப்ப முடியவில்லை. உறுப்பினரல்லாத ஸ்ட்ரேஹார்னுக்கு அதுவே வாசலைத் திறந்தது.

வாசல் திறந்ததே தவிர, வெளிச்சம் எலிங்டன் மீதே இருந்தது. 1967ல் 51 வயதில் புற்றுநோயால் இறக்கும்வரை ஸ்ட்ரேஹார்ன் அந்த நிழலிலேயே இருந்தார். தன்பால் ஈர்ப்பாளர் என்பதை அவர் மறைக்கவில்லை. அந்தக் காலத்தில் அப்படி வாழ முடிந்ததற்கு, மேடைக்குப் பின்னால் இருந்ததும் ஒரு காரணம். எது யாருடைய மெட்டு என்று ஆராய்ச்சியாளர்கள் பிரித்தெடுக்கவே பல ஆண்டுகள் பிடித்தன.

மீண்டும் ரயிலேறுவோம். 175வது தெருவில் இறங்கினால் ஜார்ஜ் வாஷிங்டன் பாலம். ஹட்சன் நதியைக் கடந்தால் நியூஜெர்சி. அங்கே, எங்கிள்வுட் கிளிஃப்ஸ் என்ற சிற்றூரில் சில்வன் அவென்யூவையொட்டி, மரங்களின் மறைவில் இருக்கிறது ரூடி வான் கெல்டரின் ஒலிப்பதிவுக் கூடம். கண் பரிசோதகராகப் பிழைப்பு நடத்திக்கொண்டே, பெற்றோர் வீட்டு முன்னறையில் ஜாஸ் பதிவு செய்தவர் வான் கெல்டர். 1959ல் இந்தக் கூடத்தைக் கட்டினார். தேவாலயம் போல உயர்ந்து குவியும் மரக்கூரை. ஜான் கோல்ட்ரேனின் ‘எ லவ் சுப்ரீம்’ 1964ல் பதிவானது இங்கேதான். 2016ல் 91வது வயதில் அவர் இறக்கும்வரை இதுவே வீடு, இதுவே தொழிற்கூடம்.

1963ல் இங்கே 26 வயது சாக்ஸபோன் கலைஞர் ஒருவர் தன் முதல் இசைத்தட்டைப் பதிவு செய்தார். பெயர் ஜோ ஹெண்டர்சன். சக கலைஞர்கள் அவரைக் கொண்டாடினார்கள், கடைத்தெரு கண்டுகொள்ளவில்லை. 28 ஆண்டுகள் கழித்து, 1991 செப்டம்பரில், 54 வயதில் அவர் அதே கூடத்துக்கு வந்தார், ஸ்ட்ரேஹார்னின் பத்து மெட்டுகளோடு. ‘லஷ் லைஃப்’ என்ற அந்த ஆல்பம் 1992ல் வெளிவந்தது. உடன் வாசித்தவர்கள் நான்கே பேர். டிரம்பெட் வாசித்த வின்டன் மார்சாலிஸ் 30 வயதை எட்டாதவர். பேஸ் வாசித்த கிறிஸ்டியன் மெக்பிரைடுக்கு வயது 19.

பெரிய குழுவுக்கென எழுதப்பட்ட இசையைச் சிறிய குழு வாசிப்பதில் ஒரு சங்கடம் உண்டு. ஒளிந்துகொள்ள இடமில்லை. ஹெண்டர்சன் அந்தச் சங்கடத்தையே பலமாக்கினார். ஐவரும் சேர்ந்து வாசிப்பது சில மெட்டுகளில்தான். ‘இஸ்ஃபஹான்’ சாக்ஸபோனும் பேஸும் மட்டும். 1963ல் இந்தியாவையும் சுற்றிச் சென்ற எலிங்டன் குழுவின் கீழை நாட்டுப் பயணத்தோடு சேர்த்துப் பேசப்படும் மெட்டு இது. உண்மையில் பயணத்துக்கு முன்பே எழுதப்பட்டது. ‘பிளட் கவுண்ட்’ ஸ்ட்ரேஹார்ன் மருத்துவமனைப் படுக்கையில் முடித்தது. ‘ஏ ட்ரெய்ன்’ சாக்ஸபோனும் டிரம்ஸும் மட்டும்: தண்டவாளச் சத்தமும் ஒரு பயணியும் போல. கடைசியாக, பதின்ம வயதில் ஸ்ட்ரேஹார்ன் எழுதத் தொடங்கிய ‘லஷ் லைஃப்’. அதில் துணைக்கு யாருமில்லை. தம்புராவைக்கூட நிறுத்திவிட்டு ஒரு வித்வான் கீர்த்தனையைப் பாடினால் எப்படியிருக்கும்? அப்படி. எலிங்டன் குழுவின் பித்தளை முழக்கம் விலகியதும், எழுதியவர் கேட்கிறார்.

1993ல் அந்தத் தனி வாசிப்புக்குக் கிராமி விருது. ஹெண்டர்சனுக்குத் தாமதமாக வந்த புகழ். பிறகு மைல்ஸ் டேவிஸுக்கு ஒரு காணிக்கை, பிரேசிலின் ஜோபிமுக்கு ஒன்று. 2001ல் அவர் இறந்தார்.

ஒரு கேள்வி உறுத்தாமல் இல்லை. ‘ரெகார்டா மீ’, ‘இன்னர் அர்ஜ்’ என்று ஹெண்டர்சனே அருமையான மெட்டுகளை எழுதியவர். அவற்றுக்குக் கிடைக்காத கவனம், இன்னொருவர் பெயரை அட்டையில் போட்ட பிறகுதான் கிடைத்தது. மூத்த கலைஞர்களுக்கு இறந்த மேதைகளின் பெயர் நுழைவுச் சீட்டானது இசைத்தட்டு வியாபாரத்தின் தந்திரம் என்றால் மறுப்பதற்கில்லை.

ஆனால் கணக்கு அத்தோடு முடியவில்லை. 28 ஆண்டுகள் காத்திருந்தவருக்குத்தான் இன்னொருவர் நிழலில் நின்றவரின் இசை அப்படிப் புரிந்திருக்கும். ஸ்ட்ரேஹார்னை வெளிச்சத்துக்கு இழுத்து வந்தார் ஹெண்டர்சன். வந்த வெளிச்சம் அவர் மீதும் விழுந்தது. சுகர் ஹில்லுக்கும் அந்த மரக்கூரைக்கும் நடுவே ஒரு பாலம்தான். கடந்து வர அந்த மெட்டுகளுக்கு அரை நூற்றாண்டு ஆயிற்று.