பேத்திக்கு மேல் கட்டில், பாட்டிக்குக் கீழ் கட்டில்... ஒரே அறையில் எல்லோருக்கும் இடம்!

சென்னையில் டபுள் பெட்ரூம் ஃபிளாட் என்றால், ஒரு பெட்ரூம் பெற்றோருக்கு, இன்னொன்று பிள்ளைகளுக்கு. ஊரிலிருந்து யாராவது வந்தால்? ஹால்தான்! எல்லோரும் டி.வி பார்த்து முடிக்கும்வரை அவர்களால் படுக்க முடியாது. விடிகாலையில் பால் பாக்கெட் எடுக்கக் கதவைத் திறந்தால், தூக்கமும் போச்சு.

வேளச்சேரியில் வசிக்கும் ஒரு குடும்பத்திலும் இதே கதைதான். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வரும் பாட்டி, பத்து நாள் தங்கலாம் என்றுதான் வருவார். நாலாவது நாளே, ``தோட்டத்துக்குத் தண்ணி விடணும்'' என்று பையைத் தூக்கிவிடுவார். ``என்ன அத்தை, அதுக்குள்ளயா?'' என்று கேட்கும் மருமகளுக்கு, காரணம் தோட்டமல்ல, முழங்கால் என்பது தெரியும். தரையில் படுத்து எழ பாட்டியால் முடியவில்லை. அதைச் சொல்லவும் மனசு வரவில்லை.

பிள்ளைகள் அறையை மாற்றலாம் என்று பேச்சு எடுத்ததும், எட்டாம் வகுப்புப் படிக்கும் மகள் கேட்டாள். ``அப்போ பாட்டி வந்தா, என் ரூம்ல நான் கெஸ்ட்டா?''

பெரியவர்களுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் கேள்வியில் நியாயம் இருந்தது. 13 வயதுப் பெண்ணுக்குத் தனக்கென ஒரு மூலை வேண்டும். யார் வந்தாலும் அது பறிபோகக் கூடாது. அதை வைத்துத்தான் அறையைத் திட்டமிட்டார்கள்.

யாருக்கு எந்தக் கட்டில்?

அறை 10-க்கு 10 அடி. ஒரு சுவரை ஒட்டி பங்க் பெட். மேல் கட்டில் எப்போதும் மகளுக்குத்தான். சுற்றிலும் ஸ்கிரீன், தலைமாட்டில் ரீடிங் லைட். கீழ் கட்டில் 5 வயது மகனுக்கு. அதற்கும் அடியில், ட்ராயர் மாதிரி இழுக்கும் குட்டிக் கட்டில். பாட்டி வந்தால் மகன் அதற்கு மாறிவிடுவான்.

கீழ் கட்டில் மெத்தையோடு சேர்த்து 18 அங்குல உயரம். நாற்காலியிலிருந்து எழுவதுபோல, காலை ஊன்றி எழுந்துவிடலாம். உட்கார்ந்தால் தலை இடிக்காமல் இருக்க, மெத்தைக்கும் மேல் கட்டிலுக்கும் நடுவே 3 அடி இடைவெளி.

குட்டிக் கட்டிலுக்குச் சக்கரம் வைத்து, தனியாக நகரும்படி செய்யச் சொன்னார்கள். இழுத்து எதிர்ச்சுவர் ஓரம் தள்ளிவிடலாம். இல்லாவிட்டால், ராத்திரி பாத்ரூம் போக, தூங்கும் பேரனைத் தாண்டித்தான் பாட்டி இறங்க வேண்டும்!

ஃபேனைக் கவனியுங்கள்

நம் வீடுகளில் பங்க் பெட் போடும்போது பெரிய ஆபத்து சீலிங் ஃபேன்தான். 10 அடி அறையின் நடுவில் 48 அங்குல ஃபேன் சுற்றினால், இறக்கையின் நுனி சுவரிலிருந்து சரியாக 3 அடியில் வரும். கட்டிலின் அகலமும் 3 அடி. மேலே இருக்கும் பிள்ளை எழுந்து கையை நீட்டினால் என்ன ஆகும்? அதனால் இந்த வீட்டில் அதைக் கழற்றிவிட்டு, வால் ஃபேன் மாட்டிவிட்டார்கள்.

* 6 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை மேல் கட்டிலில் படுக்க வைக்கக் கூடாது.
* மேல் கட்டிலின் தடுப்பு, மெத்தைக்கு மேல் குறைந்தது 5 அங்குலம் இருக்க வேண்டும் என்கிறது அமெரிக்கப் பாதுகாப்பு விதி. தடிமனான மெத்தை வாங்கினால் தடுப்பின் உயரம் குறைந்துவிடும், கவனம்.
* ஏணி செங்குத்தாக இல்லாமல், கைப்பிடியோடு சற்றுச் சாய்வாக இருப்பது நல்லது.

விருந்தினருக்கு ஒரு தட்டு

கட்டில் மட்டும் போதாது. துணி மாட்ட ஒரு கொக்கி, கைக்கெட்டும் தூரத்தில் ஒரு பிளக் பாயின்ட், ஒரு நைட் லேம்ப், அலமாரியில் காலியாக ஒரு தட்டு... இவையும் வேண்டும். பையைப் பிரித்து வைக்க இடமில்லாவிட்டால், வந்தவருக்கு எப்போது கிளம்பலாம் என்றுதான் தோன்றும். இந்த வீட்டு அலமாரியில், பாட்டி ஊருக்குப் போன பிறகும் அவருடைய இரண்டு புடவைகளும் தைல பாட்டிலும் அதே தட்டில்தான் இருக்கின்றன.

நீங்களும் இப்படி ஓர் அறை அமைக்க நினைத்தால், கார்பென்டரைக் கூப்பிடுவதற்கு முன், அதில் தூங்கப்போகும் பிள்ளையிடமும், வந்து தங்கப்போகும் பெரியவரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அளவெடுப்பதெல்லாம் அதற்கப்புறம்தான்!