ஏர்போர்ட் வேலையும் ஒரு வீட்டுப் பத்திரமும்

பட்டான்செரு பஸ் ஸ்டாண்டு பக்கம் போனீங்கன்னா சுவரெல்லாம் ஒரே நோட்டீஸ்தான். "ஏர்போர்ட்டில் வேலை, ஆறு மாத டிப்ளமோ, நூறு சதவீத பிளேஸ்மென்ட்." கோட்டு போட்ட பையன், கழுத்தில் ஸ்கார்ஃப் கட்டின பொண்ணு, பின்னாடி ஒரு விமானம். கொஞ்ச நாளா அந்த நோட்டீஸைக் கையில் பிடிச்சுக்கிட்டே எங்க பிராஞ்சுக்கு வர்றாங்க, "சார், இதுக்கு லோன் கிடைக்குமா?"ன்னு. தெலுங்குல கேட்கிறவங்களுக்குத் தெலுங்குல சொல்லி, ஹிந்தில கேட்கிறவங்களுக்கு என்னோட திருச்சி ஹிந்தில சொல்லி அலுத்துப்போச்சு. தமிழ்லயும் ஒரு தடவை சொல்லிடறேன்.

முதல்ல ஒண்ணு. ஹைதராபாத்தில் விமானத்துறை வேலை இல்லைன்னு யாரும் சொல்ல முடியாது. 2008 மார்ச்சில் ஷம்ஷாபாத் விமான நிலையம் திறந்ததிலிருந்து அந்தப் பக்கமே மாறிப்போச்சு. ஆதிபட்லாவில் டாடாவும் போயிங்கும் சேர்ந்து அப்பாச்சி ஹெலிகாப்டரோட உடற்பகுதியையும், 737 விமானத்தோட செங்குத்து வாலையும் செய்யறாங்க. லாக்ஹீட் மார்ட்டினோட சேர்ந்த இன்னொரு கூட்டு நிறுவனம் சி-130ஜெ விமானத்துக்கு வால் பகுதி செய்யுது. 2025 நவம்பரில் பிரான்ஸ் நாட்டு சஃப்ரான் கம்பெனி, லீப் இன்ஜின்களைப் பிரிச்சு மேயற பெரிய பட்டறையைத் திறந்தாச்சு. ஏ320 நியோ விமானங்கள் பலதிலும் 737 மேக்ஸ் எல்லாத்திலும் இருக்கிற இன்ஜின் அதுதான். ஆனா இதெல்லாம் பெரும்பாலும் ஐடிஐ, டிப்ளமோ, பி.ஈ. படிச்ச பசங்களுக்கு. நோட்டீஸைப் பிடிச்சுக்கிட்டு வர்றது முக்காவாசி பி.காம். பசங்க. என் ஜாதி :-)

போன மாசம் வந்தவர் நம்மாளு. கோவில்பட்டிப் பக்கம். இருபது வருஷமா இங்கே ஒரு மருந்துத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. பையன் பி.காம். முடிச்சு வீட்டில் இருக்கான். அந்த டிப்ளமோவுக்கு 2,40,000 ரூபாய் ஃபீஸ் கேட்கிறாங்களாம். "ஊர்ல இருக்கிற வீட்டுப் பத்திரத்தை வச்சாவது சேர்த்துவிடணும் சார்"ங்கிறார்.

"எதுக்கு அண்ணாச்சி இவ்வளவு அவசரம்?"னு கேட்டேன்.

2025 ஜூன் 30-ம் தேதி பாசமைலாரம் தொழிற்பேட்டையில் நடந்த வெடிவிபத்து உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம். ஐம்பது பேருக்கு மேல செத்துப்போனாங்க. அண்ணாச்சி வேலை பார்க்கிற இடம் அது இல்லை, ஆனா அதே தொழிற்பேட்டை. "எம்புள்ள அந்த ரியாக்டர் பக்கம் நிக்கக்கூடாது சார். பிளேன் பக்கத்துல நிக்கட்டும்"னார். அதுக்கு மேல நான் என்னத்தைக் கேட்க? டீ சொல்லிட்டு, கணக்கைப் போட உட்கார்ந்தோம்.

வங்கிகள் பின்பற்றுற மாதிரி கல்விக்கடன் திட்டத்தில் விமானத்துறை படிப்புக்கு இடம் இருக்கு. ஆனா டிஜிசிஏ, யுஜிசி, ஏஐசிடிஈ மாதிரி ஒரு அமைப்பு அங்கீகரிச்ச படிப்பா இருக்கணும். அண்ணாச்சி கொண்டுவந்த நோட்டீஸில் "அங்கீகாரம் பெற்றது"ன்னு பெரிய எழுத்தில் இருக்கு. யார்கிட்ட பெற்றதுன்னு எங்கேயும் இல்லை. அப்போ வங்கிக்கடன் கிடையாது. வெளியில ரெண்டு வட்டிக்கு வாங்கினா மாசம் 4,800 ரூபாய் வட்டிக்கே போகும், அசல் அப்படியே நிக்கும். அதுவும் எதுக்கு? விமானப் பணிப்பெண்ணோ, செக்-இன் கவுண்டர் வேலையோ, ஆளை எடுத்த பிறகு கம்பெனியே பயிற்சி கொடுக்கத்தான் போகுது. அவங்க பார்க்கிறது பன்னிரண்டாவது அல்லது டிகிரி, வயசு, இங்கிலீஷ், ஹிந்தி, ஆள் பேசற விதம். அந்த டிப்ளமோ இல்லைன்னு யாரையும் வாசலில் நிறுத்தினதா நான் கேள்விப்படலை.

பைலட் ஆகணும்னு வர்றவங்க கணக்கு வேற. வணிக பைலட் லைசென்ஸுக்கு 200 மணி நேரம் பறக்கணும். செலவு அரைக் கோடிக்குக் குறையாது. 50 லட்சம், 10 சதவீத வட்டி, 10 வருஷம்னு வச்சா மாசத் தவணை 66,000 ரூபாய் சொச்சம். படிக்கிற காலத்து வட்டி தனி. ஏழரை லட்சத்துக்கு மேல போனா ஜாமீனுக்குச் சொத்து கேட்போம். பன்னிரண்டாவதில் இயற்பியலும் கணக்கும் வேணும்னு விதி; காமர்ஸ் பசங்க தேசிய திறந்தநிலைப் பள்ளியில் அந்த ரெண்டு பாடத்தை மட்டும் எழுதிட்டு வர்றது வழக்கம். 2025-ல் இந்த விதியைத் தளர்த்தலாம்னு பேச்சு வந்தது, அதனால டிஜிசிஏ தளத்தைப் பார்த்துட்டு முடிவு பண்ணுங்க. இன்னொண்ணு, மெடிக்கல் பரிசோதனையை முதல்ல முடிங்க, அப்புறம் ஃபீஸ் கட்டுங்க. நிறக்குருடு இருக்கிறது பணம் கட்டின பிறகு தெரிஞ்சு என்ன பிரயோஜனம்?

சரி, பி.காம். பையனுக்கு என்னதான் வழி? அண்ணாச்சிகிட்ட சொன்னதையே இங்கேயும் சொல்றேன்.

இந்திய விமான நிலைய ஆணையம் ஜூனியர் எக்ஸிக்யூட்டிவ் வேலைக்கு ஆள் எடுக்கும். கட்டுப்பாட்டு கோபுரத்து வேலைக்கு பி.எஸ்ஸி. இயற்பியல், கணிதம் அல்லது இன்ஜினியரிங் வேணும், அதை விட்டுடுங்க. ஆனா 2023 அறிவிப்பில் காமன் கேடருக்கு ஏதாவது ஒரு டிகிரி போதும்னு இருந்தது. ஃபைனான்ஸ் பிரிவுக்கு பி.காம். கூட ஐசிடபிள்யூஏ, சிஏ, இல்லைன்னா ஃபைனான்ஸ் எம்பிஏ. வயசு வரம்பு 27. நம்ம பேங்க் பரீட்சை மாதிரியேதான், உட்கார்ந்து படிக்கணும். செலவு புத்தகத்துக்கும் விண்ணப்பத்துக்கும் மட்டும்தான்.

அடுத்தது ஏஐ ஏர்போர்ட் சர்வீசஸ். 2022-ல் ஏர் இந்தியா டாடாகிட்ட போனப்பவும் இது அரசாங்கத்துகிட்டயே தங்கிடுச்சு. செக்-இன், லோடிங், ராம்ப் வேலைக்கு நேரடி இன்டர்வியூ வச்சு எடுப்பாங்க. விண்ணப்பக் கட்டணம் வழக்கமா 500 ரூபாய் டிமாண்ட் டிராஃப்ட். சம்பளம் எவ்வளவுன்னு அந்த அறிவிப்பிலேயே அச்சடிச்சிருப்பாங்க. ஒப்பந்த வேலைதான், நிரந்தரம் இல்லை. ஆனா கையில் ஏர்போர்ட் அனுபவம் கிடைக்கும்.

மூணாவதுதான் எனக்குப் பிடிச்சது: கார்கோ. பட்டான்செரு, பாசமைலாரம், பொல்லாரம்னு சுத்திலும் மருந்து கம்பெனிகள். அங்கேயிருந்து மருந்து குளிர்பெட்டியில் ஏறி வெளிநாடு போகுது. 2 டிகிரியிலிருந்து 8 டிகிரி வரைக்கும் ஒரு வகை, 15-லிருந்து 25 வரைக்கும் இன்னொரு வகை. ஷம்ஷாபாத் சரக்கு முனையத்தில் மருந்துக்குன்னே தனிப் பகுதி இருக்கு. இங்கே வேலை முழுக்கக் காகிதம்தான். இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், ஷிப்பிங் பில், ஏர்வே பில். ஒரு பி.காம். பையன் தூக்கத்தில்கூடச் செய்யலாம்.

ஏர்வே பில்லை நான் தினமும் பார்க்கிறவன், அதனால கொஞ்சம் அளக்க அனுமதி கொடுங்க. அதில் 11 இலக்கம். முதல் மூணு, விமான நிறுவனம். 098-னு இருந்தா ஏர் இந்தியா, 312 இண்டிகோ. அடுத்த ஏழு வரிசை எண். கடைசி ஒண்ணு சோதனை எண்: அந்த ஏழு இலக்க எண்ணை ஏழால் வகுத்தா வர்ற மீதி. கப்பல் சரக்குக்கான பில் ஆஃப் லேடிங்கைக் கையில் வச்சிருக்கிறவனுக்குச் சரக்கின் மேல உரிமை உண்டு. ஏர்வே பில்லுக்கு அந்த உரிமை கிடையாது. அதனாலதான் லெட்டர் ஆஃப் கிரெடிட்டில் சரக்கைப் பேங்க் பேருக்கே அனுப்பச் சொல்றோம். ஃபிரெய்ட் ஃபார்வர்டர் ஆபீஸ் இன்டர்வியூவில் இதைச் சொல்ற பையனை யாரு வேண்டாம்பாங்க? கூடவே அபாயகரமான சரக்குக் கையாளும் பயிற்சி ஒண்ணு இருக்கு. சில நாள் வகுப்பு, பரீட்சை, ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்கணும். படிப்புக்குக் காசு செலவழிக்கணும்னா இதுக்குச் செலவழிக்கலாம்.

இன்னொரு காரணமும் உண்டு. பாரமவுண்ட் 2010-ல், கிங்ஃபிஷர் 2012 அக்டோபரில், ஜெட் 2019 ஏப்ரலில், கோ ஃபர்ஸ்ட் 2023 மே மாசத்தில் நின்னுபோச்சு. ஒவ்வொரு தடவையும் சம்பள அக்கவுண்டுகள் காத்து வாங்கினதை பேங்க்காரங்க எல்லாரும் பார்த்திருக்கோம். விமானத்தில் வண்ணம் மாறும், சரக்கு போயே ஆகணும்.

மோசடி பத்தியும் ரெண்டு வார்த்தை. இண்டிகோ பேரில் ஒரு வேலை உத்தரவு வரும், சாதாரண ஜிமெயிலிலிருந்து. யூனிஃபார்முக்கு 3,500, மெடிக்கலுக்கு 8,000, கேட் பாஸுக்கு 15,000னு கேட்பாங்க. யாரோ தனி ஆளோட சேமிப்புக் கணக்குக்குப் பணம் போகச் சொல்வாங்க. கம்பெனி எப்படிங்க தனி ஆள் கணக்கில் பணம் வாங்கும்? விமான நிறுவனங்கள் வேலைக்குப் பணம் வாங்கறதில்லைன்னு அவங்க தளத்திலேயே எழுதி வச்சிருக்காங்க. அனுப்பித் தொலைச்சிட்டா உடனே 1930-க்குப் போன் பண்ணுங்க, அப்புறம் பிராஞ்சுக்கு ஓடி வாங்க. ஒரு மணி நேரத்துக்குள்ள வந்தா பணத்தைப் பிடிக்க வாய்ப்பு இருக்கு. மறுநாள் வந்தா அது நாலு கணக்கு தாண்டியிருக்கும்.

அண்ணாச்சி பையனுக்கு வேற ஒரு சிக்கல், நம்ம தமிழர்களுக்கே உரியது. ஏர்போர்ட் உள்ளே வேலை பார்க்க நுழைவு அனுமதி வேணும், அதுக்குப் போலீஸ் விசாரணை உண்டு. இவன் பேர் பத்தாவது சர்டிபிகேட்டில் அப்பா பேர் முன்னாடி, தெலுங்கு வழக்கத்தில். ஆதாரில் பின்னாடி ஒரே ஒரு இனிஷியல். பான் கார்டில் அப்பா பேர் முழுசா, ஆனா கடைசியில். பாஸ்போர்ட் எடுக்கவே இல்லை. மூணு காகிதத்தில் மூணு ஆள்! எல்லாத்தையும் பத்தாவது சர்டிபிகேட்டில் இருக்கிறபடி மாத்தச் சொல்லியிருக்கேன். ஆதார் முடிஞ்சுடுச்சு, பான் போயிருக்கு, அடுத்த வாரம் பாஸ்போர்ட்டுக்குத் தேதி வாங்கியிருக்கான். பத்திரம் இன்னும் கோவில்பட்டி பீரோவில்தான் இருக்கு.