நூற்றிருபதை அடியால் வகுப்பவர்

பிலிம் கமராவில் உருவப்படம் எடுக்கும் ஒருவர் இன்னும் தீவகத்தில் இருக்கிறார் என்று நண்பர் சொன்னார். வெளிநாட்டுப் பிள்ளைகளின் புது மோகத்துக்காக யாரோ பழைய கமராவைத் தூசு தட்டி வைத்திருக்கிறார் என்றுதான் நினைத்தேன். பண்ணைப் பாலம் தாண்டி, வேலணை, சரவணை கடந்து நாரந்தனைக்குப் போய் அவரைக் கண்டபின், கமராவை விட்டுவிட்டுப் பிளாஷைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

விவிற்றார் 283. பிடித்துப் பிடித்து அதன் மூலைகள் மழுங்கியிருந்தன. 100 ஏஎஸ்ஏ பிலிமுக்கு இதன் முழு வீச்சு எண், அடிக்கணக்கில் 120. ஆள் நிற்கும் தூரத்தால் அதை வகுத்தால் அப்பேச்சர் வந்துவிடும். 15 அடிக்கு எப் 8, 11 அடிக்கு எப் 11, ஏழரை அடிக்கு எப் 16. ஐயா ஆளைப் பார்த்த பார்வையிலேயே அடியைச் சொல்லி வளையத்தைத் திருகிவிடுகிறார். அவருடைய பென்ரக்ஸ் கே1000இல் ஷட்டர் 60ஐத் தாண்டக்கூடாது. தாண்டினால் துணித்திரை ஒரே நேரத்தில் முழுதாகத் திறக்காது. படத்தின் ஒரு பக்கம் கறுத்துவிடும்.

பிளாஷின் முன்பக்கத்தில் சின்னக் கண் ஒன்று இருக்கிறது. திரும்பி வரும் ஒளியை அளந்து, போதிய அளவு வந்ததும் வீச்சை நிறுத்துவது அதன் வேலை. ஐயாவுக்கு அதில் நம்பிக்கை இல்லை.

"கோயில் கலியாணத்தில பொம்பிளை முழுக்க வெள்ளை உடுத்தி நிப்பா. வெள்ளை வெளிச்சத்தைத் திருப்பி அடிக்க, இந்தக் கண் காணும் எண்டு வெட்டிப்போடும். உடுப்பு நல்லா விழும் தம்பி, முகம் கறுத்துப்போம்."

அதனால் அந்தக் கண்ணை வைத்து எடுக்கும்போது வெள்ளை உடுப்பென்றால் அப்பேச்சரை ஒரு படி கூடத் திறப்பார். நேரே அடித்தால் முகம் தட்டையாகிவிடும் என்று தலையை மேலே திருப்புவார். ஓட்டுக்கூரை ஒளியைக் குடித்து, மிச்சத்தைச் சிவப்பாக்கி அனுப்பும். கலியாண வீட்டில் வெள்ளை கட்டியிருந்தால் கவலையில்லை. ஒளி துணியில் பட்டு மெதுவாக முகத்தில் இறங்கும்.

என்னுடைய டிஜிற்றல் கமராவில் அந்தப் பிளாஷைப் பூட்டிப் பார்க்கலாமா என்று கேட்டேன். கையைத் தட்டிவிட்டார். பழைய 283களின் தொடுமுனையில் 200 வோல்ற்றுக்கு மேலே நிற்கும்; இன்றைய கமராவின் மின்சுற்று அதைத் தாங்காது.

1990இல் போரால் தீவகத்துச் சனம் இடம்பெயர்ந்தபோது ஐயாவும் யாழ்ப்பாணத்துக்குப் போய் ஒரு ஸ்ரூடியோவில் கையாளாக நின்றார். குடாநாட்டில் மின்சாரம் இல்லை. பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள்களில் ஒன்று. றேடியோ கேட்கவே சைக்கிள் டைனமோவை மிதித்த காலம். நாலு பற்றரி கேட்கும் பிளாஷ் பெட்டிக்குள் போனது. விறாந்தையோரம் ஆளை இருத்தி, மறுபக்கம் ஒருவரை வெள்ளை வேட்டியை விரித்துப் பிடிக்கச் செய்து படம் எடுத்தார்கள். நிழல் எந்தக் கன்னத்தில் விழவேண்டும் என்று படித்தது அப்போதுதான் என்கிறார்.

பிலிம் கழுவும் வேலையையும் காட்டினார். அது எனக்குப் பிடிபடவில்லை, விட்டுவிடுகிறேன்.

பிடிபட்டது காசுக்கணக்கு. இப்போது அவரைத் தேடி ஆள் நேரே வருவதில்லை. நகரத்து முகவர் ஒருவர் வெளிநாட்டில் காசு வாங்கிக்கொண்டு இவரை அனுப்புகிறார். பேரம் அவர் கையில், நெகற்றிவ்வும் அவர் கையில். ஐயாவுக்கு நாட்கூலி. ரோல் ஒன்றில் 36 படம். ஒன்று பிழைத்தாலும் அது இவர் கூலியில் கழியும். கமரா தொடாதவனுக்குப் பெரும்பங்கு, தூரமறிந்து ஒளி போட்டவனுக்குப் பஸ் காசு என்றால் இதை எந்தப் பிள்ளை வந்து பழகும்? கைத்தொழில் அழிகிறது என்று கண்ணீர் விடுகிற நாங்கள்தான் அந்த முகவரிடம் முற்பணம் கட்டுகிறோம்.

முன்பெல்லாம் படத்தின் பின்புறத்தில் ஸ்ரூடியோ முத்திரை இருக்கும். இப்போது முகவரின் அடையாளம் முன்புற மூலையிலேயே விழுகிறது. படம் எடுப்பிக்கிறவர்கள் செய்யக்கூடியது இரண்டு: காசைப் படம் எடுத்தவர் கையில் கொடுங்கள், நெகற்றிவ் யாரிடம் இருக்கும் என்பதை முதலே பேசிக்கொள்ளுங்கள்.