சுண்டல் இல்லாத திருவிழா

மதுரையிலிருந்து சித்தி வந்திருக்கிறார். போன சனிக்கிழமை ராத்திரி டி ரயிலில் 79ஆம் தெரு நிலையத்தில் இறங்கி, நடத்தியே அவரை டைக்கர் ஹைட்ஸுக்குக் கூட்டிப்போனேன். நியூயார்க்கில், புரூக்ளினின் தென்மேற்கு மூலையில் இத்தாலிய வம்சாவளியினர் வேரூன்றிய பகுதி. டிசம்பர் வந்தால் கூரை, மரம், வேலி எதுவும் மிச்சமில்லாமல் கிறிஸ்துமஸ் விளக்கு. வேடிக்கை பார்க்க வருஷத்துக்கு லட்சம் பேருக்குமேல் வருகிறார்கள்.

சித்தி பாதித் தெருவரை வாயே திறக்கவில்லை. பிறகு கேட்டார்: “ஏம்ப்பா, இம்புட்டுக் கூட்டம் இருக்கு, ஒரு சுண்டல்காரன்கூடவா இல்ல?”

இருக்க முடியாது. தேங்க்ஸ்கிவிங் என்பது நவம்பரின் நான்காம் வியாழன். அன்று தொடங்கி புத்தாண்டு நாள் முடியும்வரை இந்தத் தெருக்களில் யாரும் எதையும் விற்கக் கூடாது என்று நகராட்சி விதி போட்டிருக்கிறது. ஐஸ்கிரீம் வண்டி, சூடான சாக்லேட், தலையில் மாட்டும் மினுக்கு விளக்கு, எல்லாவற்றுக்கும் தடை. கையில் உரிமம் இருந்தாலும் பலிக்காது. ஜெனரேட்டர் இரைச்சல், புகை, குப்பை என்று குடியிருப்போர் முறையிட்டதால் வந்த விதி.

மதுரையில் தேர் ஓடும் மாசி வீதியில் பலூன்காரனையும் ஜிகர்தண்டா வண்டியையும் விரட்டிவிட்டால் அதற்குப் பெயர் திருவிழாவா, ஊர்வலமா? அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் கடை போட்டுத்தான் எத்தனை வீட்டில் அந்த மாதத்து உலை கொதிக்கிறது!

வீட்டுக்காரர்களைக் குறை சொல்ல மாட்டேன். நம் மண்டகப்படிக்காரர்கள் மாதிரி அவரவர் கைக்காசு. பலர் அலங்கார நிறுவனங்களுக்கு ஆயிரக்கணக்கான டாலர் கொடுத்து விளக்குக் கட்டுகிறார்கள். பார்ப்பவரிடம் ஒரு பைசா வாங்குவதில்லை. 84ஆம் தெருவில் லூசி ஸ்பாட்டா என்ற பெண்மணி 1980களில், தன் தாயின் நினைவாக ஆரம்பித்த வழக்கம் இது. எதிர்வீட்டு ஆல்ஃபிரட் பொலிசோட்டோ, புற்றுநோயிலிருந்து மீண்ட பிறகு தன் வீட்டு வாசலில் ராட்சத பொம்மைச் சிப்பாய்களை நிறுத்தினார். அவற்றின் முன்னால் சித்தி பத்து நிமிஷம் நின்றார், கையுறையைக் கழற்றிக் கும்பிடாத குறை.

வேடிக்கை என்னவென்றால், லூசி முதலில் விளக்குப் போட்டபோதும் அக்கம்பக்கத்தார் தொந்தரவு என்றுதான் முணுமுணுத்தார்கள். அவர் அசையவில்லை. சொந்த வீடு, சொந்த வாசல். யார் என்ன செய்ய முடியும்? தள்ளுவண்டிக்காரனுக்கு வாசல் ஏது? வந்த நாட்டில் பிழைக்க வழி தேடி நடுங்கும் குளிரில் நிற்பவன் அவன். முறையீடு அவன்மேல்தான் பலிக்கும்.

மன்ஹாட்டனில் தலைக்கு இவ்வளவு டாலர் என்று டிக்கெட் கிழித்து ஆளேற்றி வரும் சுற்றுலா பஸ்கள் இதே விளக்கைக் காட்டித்தான் காசு பார்க்கின்றன. அவற்றின் எஞ்சின் மட்டும் தாலாட்டா பாடுகிறது?