கரைக்கு வரும்போது நின்ற எஞ்சின்

2014-ஆம் ஆண்டு குமரி மாவட்டத்தின் மேற்குக் கரையில் ஒரு சிற்றூரில் நாம் பணியாற்றினோம். வைகாசி மாதத்தில் ஒருநாள் மாலை இளைஞன் ஒருவன் பங்கு இல்லத்துக்கு வந்தான். கடன்பட்டு வாங்கிய எஞ்சினைத் தன் ஃபைபர் வள்ளத்தின் பின்புறம் பூட்டித் தகப்பனாரோடு தொழிலுக்குப் போய்வருபவன் அவன்.

"சாமி, கடல்ல எஞ்சின் நல்லா ஓடுது. கரைக்கு வரும்போது வேகத்தைக் குறைச்சா நின்னு போவுது. நான்தான் கெடுத்தேன்னு அப்பா ஏசுறாரு" என்றான்.

மோட்டார் சைக்கிளிலேயே பல ஆண்டுகள் அலைந்த நமக்கு, எஞ்சினைப்பற்றி எல்லாம் தெரியும் என்ற எண்ணம் இருந்தது. "ஐட்லிங் ஸ்குருவைக் கொஞ்சம் ஏற்றி வை, தம்பி, சரியாகிவிடும்" என்றோம். அந்த எஞ்சினை நாம் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. மறுநாள் வந்து, "இப்ப நிக்கல, சாமி" என்றான். நாமும் பெருமிதம் கொண்டோம்.

ஆனி பிறந்தது, கடல் கொந்தளித்தது. அத்தகைய நாளில் கரைக்கு வரும் வள்ளம், முன்செல்லும் அலையின் முதுகைத் தொடர்ந்தே வரவேண்டும். அதற்கு எஞ்சின், குறைத்தால் குறையவும் கூட்டினால் கூடவும் வேண்டும். அன்றோ, வேகத்தைக் குறைத்த கணமே அது நின்றுவிட்டது. கயிற்றை இழுத்து மறுபடி இயக்குமுன் வள்ளம் குறுக்கே திரும்பியது. அடுத்த அலை அதைக் கவிழ்த்தது. நால்வரும் நீந்திக் கரையேறினர். ஆனால் தகப்பனாருக்குக் காறை எலும்பு முறிந்தது, வலையும் போயிற்று.

உப்புநீரில் மூழ்கிய எஞ்சினை உடனே பிரித்துக் கழுவாவிட்டால் அது துருவேறிப் பாழாகும். அன்றே மெக்கானிக் வந்தார். நாமும் அருகில் நின்றோம். கார்புரேட்டரிலிருந்து சிறு பித்தளை ஜெட் ஒன்றைக் கழற்றி விளக்கின்முன் பிடித்தார். அதன் துளையில் ஒளி தெரியவில்லை.

"வேகமா ஓடும்போது எண்ணெய் பெரிய ஜெட் வழியா வரும், சாமி. மெதுவா ஓடும்போது இந்த ஊசித்துளைதான் கதி. எண்ணெய் காய்ஞ்சு பசையா அடைச்சிருக்கு. ஸ்குருவை ஏத்தினவன் நோயை மறைச்சானே ஒழிய மாத்தல" என்றார். ஏற்றச் சொன்னவர் யார் என்பதை அவர் அறியார்.

அவர் சொன்னவற்றைக் கடற்கரை வாசகர்களுக்காக ஈண்டுக் குறிக்கிறோம். முதலில் எண்ணெய்த் தொட்டி மூடியின் காற்றுத்திருகு திறந்துள்ளதா, எண்ணெயில் நீர் கலந்துள்ளதா என்று பாருங்கள். நிற்கப்போகும் எஞ்சின், எண்ணெய்க் குழாயிலுள்ள ரப்பர்ப் பந்தை அமுக்கியதும் தேறினால், கோளாறு பெரும்பாலும் குழாயிலோ பம்பிலோ உண்டு. சோக்கைச் சிறிது இழுத்ததும் சீராக ஓடினால், சிறு ஜெட்டின் அடைப்பையே ஐயுறவேண்டும். ஜெட்டைக் கம்பியால் குத்தலாகாது, துளை பெரிதாகிவிடும். பெட்ரோலில் ஊறவைத்துக் காற்றால் ஊதவேண்டும். மண்ணெண்ணெயில் ஓடும் எஞ்சினைக் கரை நெருங்குமுன் பெட்ரோலுக்கு மாற்றிவிடுங்கள். மெதுவான ஓட்டத்தில் மண்ணெண்ணெய் சரிவர எரியாமல் ப்ளக்கில் கரி படியும். வள்ளத்தில் துடுப்பு எப்போதும் இருக்கட்டும்.

மறுநாள் மருத்துவமனைக்குச் சென்றோம். மகன் காலடியில் தலைகுனிந்து நின்றான். தகப்பனார் அவனை ஏசிக்கொண்டிருந்தார். "ஐயா, ஸ்குருவை ஏற்றச் சொன்னவர் நாம்தான். பார்க்காமலே சொன்னோம். எம்மை மன்னிக்கவேண்டும்" என்றோம்.

அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு மகனைப் பார்த்து, "சாமி சொன்னாருன்னு நீ ஏம்லே சொல்லல?" என்றார்.

"சாமிக்குக் கொறச்சலா போயிருமேன்னு..." என்றான் அவன்.

தகப்பனார் நலமாயிருந்த கையை நீட்டி மகனை அருகில் அழைத்தார். நாம் வெளியே வந்துவிட்டோம்.

வேகமாக ஓடிக்கொண்டிருந்தவரை அந்த எஞ்சினின் குறை தெரியவில்லை. நம்முடையதும் அப்படியே. இப்போது எவரேனும் பழுது என்று நம்மிடம் வந்தால், முதலில், "வா, போய்ப் பார்ப்போம்" என்றே சொல்கிறோம்.