கிணத்து நீச்சல்காரன் கடலில் இறங்கிய கதை

போன மாசிக் கடைசியில் நான், வீட்டுக்காரம்மா, மகள் மூணு பேரும் காரங்காடு போய் வந்தோம். ராமநாதபுரம் மாவட்டத்தில், தேவிபட்டினத்துக்கும் தொண்டிக்கும் நடுவில், கிழக்குக் கடற்கரைச் சாலையை விட்டு உள்ளே தள்ளி இருக்கிற மீனவர் ஊர் அது. வனத்துறையும் ஊர்க்காரர்களும் சேர்ந்து படகுச் சவாரி நடத்துகிறார்கள். அலையாத்திக் காட்டுக்குள் படகில் போய், அப்படியே கடலுக்குப் போய், முகத்தில் கண்ணாடி மாட்டி, வாயில் குழாயை வைத்துக்கொண்டு தண்ணிக்கு அடியில் இருக்கிறதைப் பார்க்கலாம். ஸ்நார்கெலிங் என்கிறார்கள். காலையில் போனால் மத்தியானச் சாப்பாட்டுக்குக் கரைக்கு வந்துவிடலாம். அரை நாள் வேலைதான்.

ஏற்பாடு எல்லாம் மகளோடது. மதுரையில் வேலை பார்க்கிறாள். "இந்த வயசுல எனக்கு எதுக்கும்மா கடலு, நாத்து பாவுற வேலை கிடக்கு" என்று சொல்லிப் பார்த்தேன். "உங்களுக்குத்தான் நீச்சல் நல்லாத் தெரியுமேப்பா, நீங்க கூட வந்தா அம்மாவுக்குத் தைரியமா இருக்கும்ல" என்றாள். அந்த ஒரு வார்த்தையில் விழுந்துவிட்டேன்.

நீச்சல் விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் மண்டைக்கனம் உண்டு. நத்தம் பக்கம் எங்கள் தோட்டத்துக் கிணறு அறுபது அடி ஆழம். ஏழு வயசில் முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டி எங்கப்பா மேலே இருந்து தள்ளிவிட்டார். ரெண்டு வாரத்தில் குடுக்கையைக் கழட்டி எறிந்தேன். அதுக்கப்புறம் மோட்டார் ரூம் மேலே ஏறிக் குதிக்கிறது, மூச்சடக்கி அடிக்குப் போய் ஒரு கைப்பிடி சகதி அள்ளிக்கொண்டு வந்து காட்டுறது, எல்லாம் செஞ்சவன் நான். நம்ம வீட்டுக்காரம்மாவோ முழங்கால் அளவுக்கு மேல் தண்ணியில் நின்றதில்லை.

விடியக்காலம் நாலு மணிக்குக் கிளம்பி ஏழரைக்கெல்லாம் போய்ச் சேர்ந்தோம். சீக்கிரம் போனது நல்லதாப் போச்சு. வெயில் ஏறிக் காத்துக் கிளம்பிவிட்டால் தண்ணி கலங்கிவிடுமாம், அடியில் ஒண்ணும் தெரியாதாம். எல்லாருக்கும் லைஃப் ஜாக்கெட் கொடுத்தார்கள். "எனக்கு வேண்டாம் தம்பி, நமக்கு நீச்சல் தெரியும்" என்றேன். கூட வந்த பையனுக்கு இருபத்தஞ்சு வயசு இருக்கும், அந்த ஊர் மீனவர் வீட்டுப் பிள்ளை. "நாங்களே போட்டுட்டுத்தான் ஐயா இறங்குறோம்" என்று சிரித்துக்கொண்டே என் இடுப்பில் பட்டையை இழுத்து மாட்டிவிட்டான்.

வீட்டுக்காரம்மா மகளோட சுடிதார் ஒண்ணைப் போட்டிருந்தாள். நாப்பத்தெட்டு வயசில் முதல் தடவை. ஊருக்குள் போட்டால் யாராவது பார்ப்பார்கள் என்று வழியில் மதுரையில் மகள் ரூமில் போய் மாற்றிக்கொண்டு வந்தாள். படகில் ஏறுகிற வரைக்கும் துப்பட்டாவை இழுத்து இழுத்து மூடிக்கொண்டே இருந்தாள்.

கோட்டக்கரை ஆறு கடலில் சேர்கிற இடம் அது. ரெண்டு பக்கமும் அலையாத்தி. மரத்தைச் சுத்தி, சேத்துக்குள்ளே இருந்து விரல் விரலாக ஆயிரக்கணக்கில் வேர் மேலே நீட்டிக்கொண்டு நிற்கிறது. வயலில் நாத்து நட்ட மாதிரி இருந்தது. வேர் கீழேதானே போகும், இது ஏன் மேலே வருது என்று கேட்டேன். "சேத்துக்குள்ள காத்துக் கிடையாதுல்ல ஐயா, அதான் வேரை வெளிய நீட்டி மூச்சு விடுது. நீங்களும் கொஞ்ச நேரத்துல இப்பிடித்தான் குழாய நீட்டி மூச்சு விடப்போறீக" என்றான். ஒரு இலையைத் தொட்டு நாக்கில் வைக்கச் சொன்னான். உப்பு! வேர் எடுத்துக்கொண்ட உப்பை இலை வழியாக வெளியே தள்ளிவிடுகிறதாம். உப்புத் தண்ணி ஏறின போர் வைத்துக்கொண்டு படாதபாடு படுகிற விவசாயிகளை எனக்குத் தெரியும். அந்த மரத்தைப் பார்க்கப் பொறாமையாக இருந்தது.

கழிமுகம் தாண்டியதும் கடல் விரிந்தது. அலையே இல்லை. கண்மாய் நிறைஞ்சு கிடக்கிற மாதிரி கிடந்தது. இது பாக் விரிகுடாப் பக்கம். தனுஷ்கோடியில் இந்தப் பக்கத்தைப் பெண் கடல் என்றும், அந்தப் பக்கம் மன்னார் வளைகுடாவை ஆண் கடல் என்றும் சொல்வார்கள். சாந்தமாக இருந்தால் பெண், ஆர்ப்பாட்டம் பண்ணினால் ஆண். வீட்டுக்காரம்மா அதைக் கேட்டுவிட்டு, "சரியாத்தான் பேரு வச்சிருக்காங்க" என்று என்னைப் பார்த்தாள்.

ஆள் மட்டத்துக்குக் கொஞ்சம் குறைவான ஆழத்தில் படகை நிறுத்தினார்கள். பையன் கண்ணாடியைக் கொடுத்து எப்படி என்று சொன்னான். கண்ணாடிக்கு உள்பக்கம் எச்சில் துப்பித் தேய்ச்சு அலசிட்டால் ஆவி படியாது. மூக்கும் கண்ணாடிக்குள்ளேயே இருக்கும், அதனால் மூக்கால் மூச்சு விடவே கூடாது. வாயாலதான், மெதுவாக. குழாயில் தண்ணி புகுந்தால் "ப்பூ"ன்னு பலமாக ஊதித் தள்ளணும். முகத்தைத் தண்ணியில் கவுத்துப் போட்டு மிதந்தால் போதும், நீச்சலே அடிக்க வேண்டாம்.

நான் பாதிதான் கேட்டேன். முதல் ஆளாகக் குதித்தேன்.

குதிச்சதும் பழக்க தோஷம், மூச்சை அடக்கித் தலையைக் கீழே அமுக்கினேன். ஜாக்கெட் என்னை மேலே தூக்கியது, நான் கீழே போகப் பார்த்தேன், குழாய் முழுக்கத் தண்ணி. "ப்பூ" என்று ஊத உள்ளே மூச்சு இருந்தால்தானே? இழுத்தேன். அவ்வளவு உப்பும் தொண்டைக்குள் போனது. மூக்கு வழியாகத் தும்மியதில் கண்ணாடி முகத்தை விட்டு எழும்பி அதுக்குள்ளேயும் தண்ணி. அறுபது அடிக் கிணத்தில் அடிமண் எடுத்தவன் நெஞ்சளவுத் தண்ணியில் கையைக் காலை உதறினேன். கால் ஊன்றி நின்றாலே போதும் என்கிறதுகூட அந்த நேரத்தில் புத்தியில் வரவில்லை. பையன் வந்து ஜாக்கெட்டைப் பிடித்து நிமிர்த்தி நிறுத்தினான்.

மூணு தடவை முயற்சி பண்ணினேன். மூணு தடவையும் கண்ணாடிக்குள் தண்ணி. கடைசியில் பையன் தயங்கித் தயங்கிச் சொன்னான்: "ஐயா, மீசை. மீசை இருந்தா ரப்பர் ஒட்டாது, இடுக்கு வழியா தண்ணி வந்துரும்." முப்பத்தஞ்சு வருஷமாக வளர்த்த மீசை! படகில் சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆச்சு.

அதுக்குள்ளே வீட்டுக்காரம்மா ஏணி வழியாக இறங்கிவிட்டாள். ஒரு கையில் ரப்பர் வளையம், மறு கை மகள் கையில். பையன் சொன்னதை ஒரு எழுத்து விடாமல் செஞ்சாள். எச்சில் துப்பித் தேய்ச்சாள், முதலில் நின்ன இடத்திலேயே வாயால் பத்துத் தடவை மூச்சு விட்டுப் பழகினாள், அப்புறம் முகத்தைத் தண்ணியில் வைத்தாள். அவளுக்கு மறக்கிறதுக்கு எந்தப் பழக்கமும் இல்லை. அதுதான் காரணம் என்று இப்போது நினைக்கிறேன். முகத்தை வைத்தவள் எடுக்கவே இல்லை. அந்தக் குழாய் மட்டும் தண்ணிக்கு மேலே நீட்டிக்கொண்டு புஸ்ஸு புஸ்ஸுன்னு மூச்சு விட்டுக்கொண்டிருந்தது, அலையாத்தி வேர் மாதிரியே.

நாலாவது தடவை கண்ணாடியை முகத்தில் அமுக்கிப் பிடித்துக்கொண்டு நானும் பார்த்தேன். கண்ணாடிக்குள் தண்ணி நிறைய ஒரு நிமிஷம் ஆகும், நிறைஞ்சதும் எழுந்து கொட்டணும், மறுபடி பார்க்கணும். அப்படிப் பார்த்ததுக்கே மலைத்துப்போனேன். அடியில் புல்வெளி. பாசி இல்லை, நிஜமான புல். நம்ம அறுகு மாதிரி மண்ணுக்கடியில் தண்டு ஓடி, கணுவுக்குக் கணு வேர் விட்டு, மேலே நெல் இலை மாதிரி பச்சையாக ஆடிக்கொண்டிருக்கிறது. கடல்புல் என்கிறார்கள். பாசிக்கு வேர் கிடையாது. இதுக்கு வேர் உண்டு, பூ உண்டு, விதையும் உண்டு. தண்ணிக்குள்ளேயே பூத்துத் தண்ணிக்குள்ளேயே விதைக்கிற பயிர். ஓரா மீன் குஞ்சுகள் கூட்டமாக அதுக்குள்ளே நுழைந்து நுழைந்து வந்தன. ஒரு நண்டு என்னைப் பார்த்துக் காலைத் தூக்கிக் காட்டிவிட்டு மண்ணுக்குள் இறங்கியது. கடல் அட்டை ஒண்ணு சும்மா கிடந்தது.

"இதுதான் ஐயா ஆவுளியாவுக்கு மேய்ச்சல்" என்றான் பையன். ஆவுளியா என்றால் கடல்பசு. ஒரு கடல்பசு ஒரு நாளைக்கு முப்பது, நாப்பது கிலோ புல் தின்னுமாம். நம்ம வீட்டுக் கறவை மாட்டுக் கணக்கோடு கிட்டத்தட்ட ஒத்துப்போகிறது. இதுக்கு வடக்கே தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கரையில் 448 சதுர கிலோமீட்டர் கடலைக் கடல்பசுவுக்கென்று 2022-ல் காப்பகமாக அறிவித்திருக்கிறார்கள். நாட்டிலேயே முதல் கடல்பசு காப்பகம் அது. அடியில் உரசிப் போகிற இழுவை மடி இந்தப் புல்லை வேரோடு சீய்ச்சுக்கொண்டு போய்விடுகிறது என்றும் சொன்னான். மேய்ச்சல் நிலத்தில் டிராக்டர் விட்டு உழுதால் என்ன ஆகும் என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அப்போதுதான் வீட்டுக்காரம்மா தண்ணியை விட்டு முகத்தை எடுத்துக் கத்தினாள். கடல் குதிரை! புல்லில் வாலைச் சுத்திப் பிடித்துக்கொண்டு நின்றதாம். "குதிரை மூஞ்சி, ஓணான் வாலு, சுண்டு விரல் அளவுதான் இருக்கும்ங்க!" நான் கண்ணாடியைத் துடைத்து மாட்டி வருவதற்குள் காணவில்லை. அவள் பார்த்தாள், மகள் பார்த்தாள். நான் பார்க்கவில்லை.

முக்கால் மணி நேரம் கழித்துப் படகில் ஏறினோம். வீட்டுக்காரம்மா முகத்தில் கண்ணாடியின் தடம் வட்டமாகப் பதிந்திருந்தது. துப்பட்டா எங்கே கிடந்தது என்றுகூட அவள் தேடவில்லை. மகள் தலையைத் துவட்டிக்கொண்டே, "ஜாக்கெட் இல்லாம நீந்துனா இன்னும் நல்லா இருக்கும்ல" என்றாள். நான் வாய் சும்மா இருக்காமல், "அதுக்கு நீச்சல் தெரியணும்மா" என்றேன்.

அவள் கோபமாகச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள். "அன்னைக்கு நீங்கதான்ப்பா என்னையக் காப்பாத்துனீங்க. ஆனா கத்துக்குடுக்கலையே."

அவளுக்குப் பதினோரு வயசு இருக்கும்போது நடந்தது. ஆட்டுக்குட்டி ஒண்ணைப் பிடிக்கப்போய்க் கிணத்துப் படியில் வழுக்கி உள்ளே விழுந்துவிட்டாள். நான் வாய்க்கால் வெட்டிக்கொண்டு பக்கத்திலேயே இருந்தேன். சத்தம் கேட்டுக் குதித்துத் தூக்கிவிட்டேன். அஞ்சு நிமிஷம் தள்ளி இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கு நினைத்தாலும் கை நடுங்கும். அன்றைக்குச் சாயங்காலமே கிணத்தைச் சுத்திக் கம்பி வலை அடித்துக் கதவு போட்டேன். அவளுக்கு, "இனி இந்தப் பக்கம் கால் வச்சே..." என்று ஒரு மிரட்டல். அதே வருஷம் கோடை லீவில் அவளுக்கு ரெண்டு வயசு சின்னவனான மகனுக்கு அதே கிணத்தில் நீச்சல் கத்துக் கொடுத்தேன். அந்தக் கதவைத் திறந்துதான் அவனைக் கூட்டிப் போனேன். அவள் வலைக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

விழுந்தது அவள். கத்துக்கிட்டது அவன். இத்தனை வருஷத்தில் இது எனக்கு ஒரு தடவைகூட உறைத்ததில்லை. பொம்பளைப் பிள்ளை, வயசுக்கு வரப்போகிறவள், நாலு பேர் பார்ப்பார்கள் என்று ஒரு காரணமும் யோசிக்காமலே மனசுக்குள் இருந்திருக்கு. படகில் என்னால் பதில் சொல்ல முடியவில்லை. வீட்டுக்காரம்மா கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கரையில் அந்த ஊர்ப் பெண்கள் சமைத்த நண்டு சூப்பும் மீன் குழம்பும் சாப்பிட்டோம். தொண்டையில் உப்பு இருந்தாலும் ருசியில் குறை இல்லை.

போகிறவர்களுக்கு நாலு வார்த்தை. ஐப்பசியில் இருந்து மார்கழி வரை மழையும் காத்தும் இருக்கிற காலம், அதைத் தவிர்த்துவிடுங்கள். முன்னாடியே கேட்டுவிட்டுக் காலையில் போங்கள். புல் மேல் காலை ஊன்றி நிற்காதீர்கள், எதையும் தொடாதீர்கள், எடுத்துவராதீர்கள். கடல் அட்டை, கடல் குதிரை எல்லாம் சட்டத்தில் பாதுகாக்கப்பட்டவை. நீச்சல் தெரிந்தாலும் ஜாக்கெட்டைக் கழட்டாதீர்கள். மீசைக்காரர்கள் கொஞ்சம் வாஸ்லின் தடவிக்கொண்டால் சமாளிக்கலாம் என்று திரும்பி வரும்போது பையன் சொன்னான். முன்னாடியே சொல்லியிருக்கலாம்!

ஊருக்கு வந்து ரெண்டு மாசம் ஆச்சு. கிணத்தில் இப்போது இருபது அடித் தண்ணி கிடக்கிறது. மகள் லீவில் வருகிற ஞாயிற்றுக்கிழமையெல்லாம் வலைக் கதவைத் திறக்கிறோம். சுரைக்குடுக்கைக்கு இப்போது எங்கே போக? இடுப்பில் கயிறு, முதுகில் ரெண்டு காலி கேன். இருபத்தி மூணு வயசில் கத்துக்கிறது ஏழு வயசு மாதிரி இல்லை, ஆனால் பிடிவாதக்காரி. போன வாரம் கேனை அவிழ்த்துவிட்டு ஒரு சுவரில் இருந்து எதிர்ச் சுவர் வரை வந்துவிட்டாள். பக்கத்துத் தோட்டத்துக்காரர் வரப்பில் நின்று, "என்னப்பா, கல்யாணம் பண்ற வயசுல நீச்சலா?" என்றார். சும்மா சிரித்துவைத்தேன்.

வீட்டுக்காரம்மா இன்னும் இறங்கவில்லை. கடைசிப் படி வரைக்கும் வந்து காலை நனைச்சுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். போன வாரம் கேட்டாள்: "அந்தக் கண்ணாடி கடையில கிடைக்குமாங்க? முப்பது வருஷமா இந்தத் தண்ணியத்தான் குடிக்கிறோம், பாய்ச்சுறோம். உள்ள என்னதான் இருக்குன்னு ஒரு தடவ பாக்கணும்."

மதுரையில் விசாரிக்கச் சொல்லியிருக்கிறேன்.